செல் எண் பதினேழு

ஜனவரி மாதம், கயானியில்
சூரியனும் பங்குச் சந்தையும்
ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடை திறக்கின்றன.
சூரியன் பைன் மர உச்சிவரை ஏறி
மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.
எங்கள் பங்கு அப்படியில்லை.
திங்களன்று நாலு யூரோ பத்து.
செவ்வாய் மதியம் ஐந்து எண்பது.

மைனஸ் முப்பதிலும் அணையாத போன்.
இவ்வளவுதான் நாங்கள் சொன்னது.
குளிரில் செத்த போனை
அக்குளில் வைத்து உயிர்ப்பிக்கும் ஊரில்
இதற்குமேல் விளம்பரம் எதற்கு?

பாடகர் குழு தாலினுக்குப் போகச் சேர்த்த பணத்தை
ஒஸ்மோ இதில் போட்டிருக்கிறார்.
குழுவுக்கு இன்னும் தெரியாது.
பல் மருத்துவர் ஹில்க்கா
என் கடைவாய்க்குள் இரண்டு கையும் விட்டுக்கொண்டு
"உங்க பேட்டரி எப்படிப் போகுது?" என்றாள்.
வாயே திறக்க மாட்டேன் என்று
கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.
அகலத் திறந்த வாயோடு
ஆ என்றேன்.
மறுநாள் இன்னும் நூறு பங்கு வாங்கினாளாம்.

எனக்கு இரவு வேலை.
குளிர்ப்பெட்டிக்குள் அறுபத்துநாலு செல்கள்,
பிஸ்கட் அளவு, வெள்ளித்தாள் சுற்றியவை.
ஏற்று. இறக்கு. ஏற்று. இறக்கு.
இயந்திரம் எண்ணும், நான் எழுதுவேன்.
நானூற்றுப் பதினோராம் சுற்றில்
பதினேழாவதன் வயிறு உப்பியது.
நாலு நாள் கழித்து முப்பத்தொன்று.
பிறகு முப்பத்திரண்டு,
பக்கத்துப் படுக்கை இருமல் ஒட்டிக்கொண்ட மாதிரி.

"அறுபத்துநாலில் மூணு, சிர்ப்பா.
மூணெல்லாம் ஒரு எண்ணா?"
யார்மோ அதைக் கேள்வியாகத்தான் கேட்டார்.
பதிலுக்குக் காத்திராமல்
காபி எடுக்கப் போய்விட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்குப்
பனி தள்ளும் வண்டியை வாசலில் உறுமவிட்டு
தைஸ்தோ உள்ளே வந்தான்.
படகின் மோட்டாரை விற்று
அறுநூறு பங்கு வாங்கியவன்.
விலைக் கோட்டைக் காட்டப் போனை நீட்டினான்.
திரை ஒருமுறை மினுங்கிக் கறுத்தது.
அவனுக்குச் சிரிப்பு.
"பார், இதுக்குத்தான் வாங்கினேன்."

போன குளிர்காலம்
ரிஸ்தியார்வி சாலையில் வண்டி பள்ளத்தில் சாய்ந்து
கால் மாட்டிக்கொண்டு கிடந்தான்.
போன் கையில்தான் இருந்தது.
அறுபத்தெட்டு சதவீதம் என்று சொல்லிவிட்டு
அணைந்ததாம்.
பால் லாரி வரும்வரை இரண்டரை மணி நேரம்
நட்சத்திரங்களைத் திட்டிக்கொண்டிருந்தானாம்.
இப்போதும் இடது காலில் இரண்டு விரல் இல்லை.

"நிக்குமா, சிர்ப்பா?"
எது என்று நான் கேட்கவில்லை.
சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினேன்.
அவன் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை
என்பது எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.
அவனும் ஒரு கணம் கிண்ணத்தையே பார்த்தான்.
பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு
புது மோட்டார்களின் விலை பற்றிப் பேசியபடி போனான்.
முன்னதைவிடப் பெரியதாகப் பார்க்கிறானாம்.

அறிக்கை எழுதி முடித்தேன்.
பதினேழு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
வீக்கத்தை மில்லிமீட்டரில் போட்டேன்.
மூணு என்பது எண்ணா என்று
தெரியாதவர்களும் படிக்கட்டும்.
வியாழக்கிழமை வெளியாகும்.
அதுவரை ஒன்றரை நாள்
இந்த ஊரில் எல்லாரும் பணக்காரர்கள்.

நாற்பதாவது செல் மட்டும்
அறுநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றிலும்
இம்மி குறையாமல் நிற்கிறது.
ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.
வேலை முடிந்து கோட்டு மாட்டியபின்
இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

எனக்கும் இருநூறு பங்கு உண்டு.
விற்கவில்லை.
சட்டத்துக்குப் பயந்தா,
அந்த நாற்பதை நம்பியா,
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.