எனாக் கல்

மே மாதத்து மூன்றாவது ஞாயிறு.
கத்திரி வெயில் பாதி தாண்டியிருந்தது.
தலைக்கு முந்நூற்றைம்பது வசூல்,
இரண்டு பேர் பாக்கி.
பெயர் சொல்ல மாட்டேன்,
வேனில் ஜன்னலோரம் அவர்களுக்குத்தான்.

எங்கள் வரலாற்றுக் கழகத்தில் பதினேழு பேர்.
நான் பொருளாளர்.
கல்வெட்டு வாசிக்க வராது,
மோர் பாக்கெட் எத்தனை மிச்சம் என்று தெரியும்.

காலையில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம்.
பூட்டியிருந்தது.
சாவிக்காரர் மச்சினி கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார்.
கம்பி இடுக்கில் ஆளுக்கொரு சிலுவை பார்த்துக்கொண்டு
வேன் ஏறினோம்.

பதினொன்றரைக்கு ஆலந்தூர்.
வரதராஜுலு சார் நில அளவைத் துறையில் இருந்தவர்.
வரைபட நகலில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்:
கோட்டையிலிருந்து ஏழாவது மைல்.
"இந்தச் சந்துதான். இல்லாட்டி அடுத்தது."
அதற்கும் அடுத்தது.

கல் இருந்தது.
இடுப்புயரம், முதுகைச் சுவருக்குக் கொடுத்து,
தலையில் ஆரஞ்சு பிளாஸ்டிக் குடம்.
அதற்கு முன்னால் பதினாறு குடம்,
பின்னால் இருபதோ என்னவோ,
ஒரு பெயின்ட் டப்பா, ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு,
தண்ணீர் லாரி வரும்வரை
ஆளுக்குப் பதிலாக வெயிலில் நிற்பவை.

ஷர்புதீன் பாய் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.
பிலோமினா கைப்பையிலிருந்து முகப்பவுடரை எடுத்து,
எழும்பூரில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கையால்
கல்லில் தூவி வழித்தார்.
பள்ளத்தில் தங்கிய வெள்ளை
ஓர் எழுத்தாக எழுந்தது.

"௭" என்றார் சார். "தமிழ் ஏழு."
குரல் லேசாக உடைந்தது. வெயிலாக இருக்கலாம்.

"அது எனா" என்றது பின்னால் ஒரு குரல்.
தேசம்மா. நைட்டிமேல் துண்டு, இடுப்பில் எவர்சில்வர் குடம்.
"எல்லையம்மனுக்கு எனா. ஆடியில மஞ்சத்தண்ணி ஊத்துவோம்.
எனாக் கல்லுன்னு சொன்னா
ஆட்டோக்காரன் நேரா இங்க வந்து நிப்பான்."

ஏழுக்கும் எனாவுக்கும் அதே சுழி, அதே கால்.
சார் விளக்க ஆரம்பித்தார்,
கும்பினி, தபால் குதிரை, மைல் கணக்கு.
தேசம்மா முழுசாகக் கேட்டார்.
"நாங்க எதுக்கு சார் கோட்டைலேர்ந்து எண்ணணும்?"

சாரிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

மறுபக்கம் ரோமன் எண் இருக்க வேண்டுமாம்.
சுவருக்கும் கல்லுக்கும் நடுவே நாலு விரல் சந்து.
பவுடர் டப்பாக் கண்ணாடியை நுழைத்து
செல்போன் விளக்கடித்தோம்.
சிலந்தி. ஷாம்பு உறை. உதிர்ந்த சுண்ணாம்பு.
கோடு தெரிகிறது என்றார் பாய்.
விரிசல் என்றேன்.
பொருளாளர் பேச்சு எடுபடவில்லை.

"கல்லைக் கொஞ்சம் நகர்த்தினால்..."
"நவுத்தினா வரிசை நவுந்துடும்" என்றார் தேசம்மா.

அப்போதுதான் லாரி வந்தது.

அடுத்த நாற்பது நிமிடம் பற்றி
அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.
ஒற்றைச் செருப்பு மாடிவீட்டு நிறைமாதப் பெண்ணுடையது,
அதன் இடத்தில் பாய் நின்றார்.
செங்கல்லுக்கு நான்.
சார் குழாயைப் பிடித்து, குடத்துக்குக் குடம்
நில அளவைக்காரர் கணக்காய் நிரப்பி,
முழங்கால்வரை நனைந்தார்.
டிரைவர் கன்னியப்பன் மட்டும் இறங்கவில்லை.
வீட்டிலும் இதே வேலைதான் என்று
சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தகராறு.
'கண்டெடுத்தோம்' என்று எழுதலாமா?
"அந்த வார்த்தையை அடிங்க" என்றார் பிலோமினா.
"வரிசைல நிக்கறதைப் போய் யாராவது கண்டெடுப்பாங்களா?"
ஓட்டெடுப்பு. எட்டுக்கு எட்டு.
நான் போடவில்லை,
மோர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

படங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் குடம்.
செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறேன்:
முகப்பவுடர் ஒன்று, நாற்பத்தைந்து ரூபாய்.
தணிக்கைக்காரர் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவேன்,
ஆட்டோவில் ஏறி,
எனாக் கல் என்று சொல்லி.