எட்டு வாட்

என் ஆம்ப்ளிஃபயரின் மொத்தப் பலம் எட்டு வாட்.
குளியலறை பல்பு அதைவிடப் பெரிய மனுஷன்.
சுவிட்சைத் தட்டினால் வால்வுகள்
மெல்லச் சிவந்து, சூடேறி,
வாய் திறக்க அரை நிமிஷம் ஆகும்.
அதற்குள் தையல்நாயகி
ஒரு டம்ளர் காபி ஆற்றிவிடுவாள்.

எட்டு வாட்டில் ஓர் அறை நிறைய வேண்டுமானால்
ஹார்ன் வேண்டும்.
"கூம்பா? அதுக்குத்தான் போலீஸு தடை போட்டிருக்கே"
என்றாள்.
கூம்புதான். வீட்டுக்குள் வைக்கிற கூம்பு.

முதல் ஜோடி
நெல்லிக்குப்பத்தில் மூடிப்போன கொட்டகையிலிருந்து.
முப்பது வருஷம் திரைக்குப் பின்னால் நின்று
ஒரு படம்கூடப் பார்க்காதவை.
காசிலிங்கம் எடைக்குத்தான் போட்டார்.
சாம்பல்நிற அலுமினிய வாய்,
உள்ளே ஒரு பழைய குளவிக்கூடு.
நூற்று நான்கு டெசிபல்.
பாட்டு இல்லாதபோதும் சும்மா இருக்காது,
டிரான்ஸ்ஃபார்மரின் முனகலைக்கூட
சபைக்குக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது
முத்தியால்பேட்டை ஆல்பேர் கடைந்தது.
வாகை மரம். பூசணிப்பூவின் விரிப்பு.
மூன்று தவணை, ஒன்று பாக்கி.
தொண்ணூற்றேழு டெசிபல்தான்
ஆனால் மரியாதை தெரிந்தது.

ஒரு மாதம் ஒப்பிட்டேன்.
தரையில் சாக்பீஸ் கோடு,
அதே பெஞ்சு, அதே இசைத்தட்டு:
பெயர் அழிந்துபோன ஒருத்தி
சஹானா பாடுகிறாள்.

கொட்டகை ஹார்னில் அவள்
வாசற்படி வரைக்கும் வந்து நின்றாள்.
எச்சில் விழுங்கியது கேட்டது.
வளையல் தம்புராவில் இடித்தது.
வயலின், அறுபட்ட விரலில் எலுமிச்சை.
மர ஹார்னில்
அடுத்த அறையில் உட்கார்ந்து,
கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு பாடினாள்.
மிருதங்கத்தில் அடி விழுந்தபின்
தோல் திரும்பி வருவதுகூடத் தெரிந்தது.
வளையல்தான் இல்லை.
கழற்றி வைத்துவிட்டாள்போல.

நோட்டில் மார்க் போட்டேன்.
திங்களன்று ஜெயித்தது புதனன்று தோற்றது.
தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றைக் குறை சொன்னேன்,
பச்சை பூத்த கம்பியைத் தேய்த்தேன்,
வோல்டேஜைத் திட்டினேன்.

அப்புறம் கம்பெனியில் வருஷாந்திரக் காதுப் பரிசோதனை.
சிப்காட்டில் பாய்லர் பக்கத்தில்
இருபத்திரண்டு வருஷம்.
வேனுக்குள் ஜெமீலா மேடம்
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்:
"இடது பரவால்ல சார்.
வலதுல நாலாயிரம் ஹெர்ட்ஸ்கிட்ட ஒரு பள்ளம்."

கெடிலம் பாலம் ஏறுமுன் ஒரு பள்ளம் உண்டு.
தினமும் வண்டி அதில் இறங்கித்தான் ஏறும்.
ரோடே அப்படித்தான் என்று
எனக்குப் பழகிவிட்டது.

அன்று ராத்திரி
இரண்டு ஜோடியையும் பிரித்தேன்.
வலப்பக்கம் கொட்டகை,
இடப்பக்கம் வாகை.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ரப்பர் செருப்பு.
பார்க்கச் சகிக்கவில்லை.
ஊசியை இறக்கினேன்.

நடுவில் வந்து நின்றாள்.
காலண்டர் ஆணிக்கு நேர் கீழே,
ஒரு விரற்கடை அசையாமல்,
வளையலோடு.

பாட்டு முடிந்தும்
நோட்டைத் திறக்கத் தோன்றவில்லை.
பேனா எங்கே போனதென்றும் தெரியவில்லை.

மறுநாள் தையல்நாயகியைக் கோட்டுக்கு நேராக
உட்காரவைத்தேன்.
கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் கேட்டாள்.
"பாடறவ என்ன,
வலப்பக்கமா என்மேல ஏறி உக்காந்திருக்கா?"

எனக்கு நடுவில் இருப்பவள்
இவளுக்கு ஓரத்தில்.
பாய்லரைச் சொல்வதா, பள்ளத்தைச் சொல்வதா
என்று நான் வார்த்தை தேடுவதற்குள்
அவளே இடது ஓரத்துக்கு நகர்ந்து
பாதி பெஞ்சை விட்டாள்.

யாருக்கு என்று கேட்கவில்லை.
தட்டு முடியும்வரை
நின்றுகொண்டே கேட்டேன்.