குண்டு விழும் தூரம்

பிரமோதூத வருஷம், புரட்டாசி.
கோட்டையை விற்றவர் செஞ்சியில் இருந்தார்.
வாங்கியவர் சென்னப்பட்டணத்தில் இருந்தார்.
தேவனாம்பட்டினத்து மணலில்
முளைக்குச்சிக் கட்டோடு நின்றவன் நான்,
தலையாரி வேம்புலி.

கோட்டையோடு நிலமும் உண்டாம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
துபாஷி ஓலையைப் பார்த்துச் சொன்னான்:
"குண்டு விழும் தூரம்."

கூப்பிடு தூரம் எனக்குத் தெரியும்.
ஒரு வெற்றிலை மென்று துப்பும் தூரம் தெரியும்.
பிள்ளைத்தாய்ச்சி இளைப்பாறாமல் நடக்கிற தூரம்,
பாடை தூக்குகிறவர்கள் தோள் மாற்றுகிற தூரம்,
இவற்றை வைத்துத்தான் இதுவரை
எல்லைச் சண்டைகளைத் தீர்த்திருக்கிறோம்.

பித்தளைப் பீரங்கி படகில் வந்திறங்கியது.
இழுக்க எட்டு மாடு, அதட்டப் பதினோரு ஆள்.
பீரங்கிக்காரன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.
மருந்தை அள்ளி அள்ளித் திணித்தான்,
அடுத்தவன் பத்தாயத்தில் கைவிட்டவன் மாதிரி.

முதல் குண்டு கழிமுகத்தில் விழுந்தது.
கொக்குகள் எழுந்து வேறிடம் உட்கார்ந்தன.
தண்ணீரில் எப்படி முளையடிப்பது என்றேன்.
"மீனும் கும்பினிக்கே" என்று எழுதிக்கொண்டான் துபாஷி.
இரண்டாவது, மஞ்சக்குப்பத்தில் ஒரு பனையின் தலை.
கள் கலயங்கள் ஏழும் உடைந்து
மரமேறி மடியிலடித்துக்கொண்டு அழுதான்.
அங்கே ஒரு குச்சி.
மூன்றாவது வடக்கே, உப்பலவாடிக்குப் போகிற வழியில்.
மூச்சு வாங்க ஓடி
அங்கே ஒரு குச்சி.

நான்காவது
பச்சையம்மாளின் கம்பங்கொல்லையில்.

பரண்மேல் கவணோடு நின்றிருந்தாள்.
கிளி ஓட்ட வந்தவளுக்கு முன்னால்
வானத்திலிருந்து இரும்பு விழுந்து
பால் பிடித்த கதிர்களில் ஒரு பாதை போட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.
குச்சிக்குக் கிழக்கே கும்பினி, மேற்கே செஞ்சி.
"என் கவண்கல் விழுந்த இடமெல்லாம் எனக்கென்றால்
இந்நேரம் ஆறு ஊர் என் சீலைத் தலைப்பில்" என்றாள்.
பிறகு, சிரிக்காமல்,
"கிளிக்கு எந்தப் பக்கம்?"

கொழுந்தன் மயிலேறி வரப்பிலிருந்து கத்தினான்:
"என் நிலத்தையும் சேர்த்து உள்ளே போடு, வேம்புலி.
செஞ்சிக்காரன் காலையில் கேட்கிறான்,
தில்லிப் படை மாலையில் கேட்கிறது.
இவன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறேன்.
கோழி ஒன்று தருகிறேன்."

பச்சையம்மாள் இறங்கி வந்தாள்.
சூடு ஆறாத குண்டைத் தலைப்பில் சுற்றி
பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு
கிழக்கே நடந்தாள்.
எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை.
எண்ணியிருந்தால் சாட்சியாகியிருப்பேன்.

பெண்கள் மிதிக்காத சுடுகாட்டில்
நேற்றைய சாம்பல்மேல் இறக்கி வைத்தாள்.
"இதுவரைக்கும் ஆளட்டும்."

அடித்தேன் அங்கே. பூவரசங்குச்சி.
கோழியும் போயிற்று.

குச்சிக்கு அரைப் பணம் என்றிருந்தார்கள்.
கொடுத்தார்கள். மூன்றுக்குத்தான்.
தண்ணீரில் விழுந்ததற்குக் கூலி இல்லை.

ஐப்பசியில், கதிர் அறுக்கும் முன்பே
பச்சையம்மாள் கொல்லைக்கு வரி கேட்டு வந்தார்கள்,
துபாஷியும் நான்கு சேவகரும்.
வழிகாட்ட நான்.
சுடுகாட்டுக் குச்சி இரண்டு இலை விட்டிருந்தது.
காட்டினேன். துபாஷி திரும்பவில்லை.
அவனிடம் கடுதாசி இருந்தது.
அதில் கொல்லை இருந்தது, மயிலேறியின் நிலம் இருந்தது,
எந்தக் குண்டும் எட்டாத
இன்னும் இரண்டு ஊர்களும் இருந்தன.
கோட்டைக்குள் உட்கார்ந்தபடியே எவனோ
ஒரு விரலை ஊன்றி
மற்ற விரலைச் சுற்றியிருக்கிறான்.

பரண்மேல் அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.
கவணில் ஒரு கல்லை வைத்தாள்.
கோட்டை இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேம்புலி,
குச்சி மிச்சம் வைத்திருக்கிறாயா?"