மெய் தவிர்க்கவும்

இங்கே கோதுமை விளையாது,
அதனால்தான் இங்கே விதைக்கிறோம்
என்றார் உமையாள், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று.
செட்டிநாடு ஸ்டேஷனுக்குத் தெற்கே
இரண்டு ஏக்கர் செம்மண்.
வேண்டுமென்றே தாமதித்து, தை பிறந்த பிறகு விதைப்பு,
பால்பிடிக்கும் நேரத்தில்
பங்குனி வெயில் நேராகத் தலையில் இறங்கும்படி.
வாழவைக்கிற நிலம் இல்லை இது.
சல்லடை.

பதினேழு வருஷம் காரைக்குடி அச்சகத்தில்
மெய்ப்பு பார்த்தவன் நான்.
கல்யாணப் பத்திரிகை, சாந்தி, புதுமனை.
ஒரு இனிஷியல் பிசகினால்
இரண்டு பங்காளி வீடு பேசிக்கொள்ளாது.
முதலாளி மிஷினோடு கோயம்புத்தூருக்குப் போனார்.
எனக்கு இந்த வேலை கிடைத்தது:
பிழை தேடச் சம்பளம்,
அடிக்க அல்ல,
காப்பாற்ற.

விதை கூரியரில் வந்திருந்தது.
முன்னூறு கிரே, காமா என்று அட்டையில் எழுத்து.
உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்.
கோதுமைதான்.
எந்தப் பக்கத்தில் எந்த எழுத்து இடறியிருக்கிறதென்று
கதிர் பாய்ச்சியவர்களுக்கே தெரியாதாம்.
கதிர் பட்ட விதையில் கதிர் வருமா என்று
சேவுகன் கேட்டான்.
அவன் கிண்டலாகக் கேட்கவில்லை.

போன வருஷம் பாதி முளைக்கவில்லை.
முளைத்ததெல்லாம் தாயை உரித்து வைத்தது.
பிழை ஒளிந்துகொள்ளும், என்றார் உமையாள்,
அடுத்த தலைமுறையில்தான் பல்லைக் காட்டும்.

காட்டியது.
இரண்டாயிரத்து நானூறு வரிசை.
வெள்ளை வெளேரென்று நாற்றுகள், பச்சையமே இல்லாமல்,
விதை கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை
பத்து நாள் நின்று படுத்தன.
இலை திருகியது. கணு தவறியது.
கதிர் வந்தும் உள்ளே வெறும் காற்று.
ஒன்று, கடைசிவரை புல்லாகவே இருந்துகொண்டது.
எல்லாவற்றையும் எழுதினேன்.
மலடு என்று எழுதும்போது மட்டும்
பென்சில் கொஞ்சம் மெதுவாகப் போகும்.
ஏன் என்று நோட்டில் பத்தி இல்லை.

பதினேழு வருஷத்தில் ஒருமுறை கோட்டை விட்டேன்.
"மொய் தவிர்க்கவும்" என்பதில்
ஒரு கால் உதிர்ந்து
"மெய் தவிர்க்கவும்" என்று
எண்ணூறு பத்திரிகை அடித்தாகிவிட்டது.
பெண்ணைப் பெற்றவர் பள்ளத்தூரிலிருந்து வந்தார்.
நான் கட்டிங் மிஷினுக்குப் பின்னால் நின்றேன்.
கண்ணாடியைத் துடைத்து இரண்டாம் முறை வாசித்தார்.
"சம்பந்தி வீட்டுக்கு இதுதாம்ப்பா சரி,
மாத்தாதீங்க."

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் வரிசையில்
அவர் ஞாபகம் வந்தது.
முழங்கால் உயரம்கூட இல்லை,
எங்கோ ஒரு கால் உதிர்ந்த செடி.
பங்குனி பத்து, நிழலிலேயே முப்பத்தொன்பது.
சுற்றிலும் வைக்கோல் நிறம்.
இது மட்டும் பச்சை.
மணியை நசுக்கினேன்: பால்.
சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போன் செய்தேன்.
உமையாள் மதுரையில் மீட்டிங்கில்.
காலையில் வர்றேன், யாரும் தொடக்கூடாது.

மயிலிடம் யாரும் சொல்லவில்லை.
தகரத்தைத் தட்டிக்கொண்டு சேவுகன் ஓடியபோது
மண்ணோடு சாய்ந்திருந்த ஒரே ஒரு தூர் மிச்சம்.
அத்தனை வரிசை பதரையும் விட்டுவிட்டு
நேராக இதற்கு வந்திருக்கிறது.
அதுவும் மெய்ப்பு பார்க்கத் தெரிந்ததுதான்.

உமையாள் வரப்பில் உட்கார்ந்தார்.
ரொம்ப நேரம் சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்தார்.
"வெயிலைத் தாங்குச்சா,
வெயிலுக்கு முந்திக்கிச்சா?"
தெரியலை மேடம்.
"தெரியலைன்னே எழுதுங்க."

மாசக் கடைசியில் பதினொரு மணி.
மூன்று சுருங்கல்.
எட்டை பட்டர் பேப்பர் உறையில் போட்டு
எண் எழுதினேன்.
பழைய கை, சும்மா இருக்கவில்லை:
தவறி அடித்ததைத் திரும்பச் சேர்க்க
அடியில் புள்ளி வைத்து
ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம்.
1147க்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தேன்.

இது என்ன அளவு, என்று கேட்டார் உமையாள்.