முந்நூற்று ஐம்பத்தொன்பது

தெர்மோகோல் மீன்பெட்டி, பிவிசி குழாய் இரண்டு,
மூடி இறுக்கிய டிபன் பாக்ஸுக்குள் மூளை.
சிங்காரத்தோப்புப் பாலத்துக்குக் கீழே
உப்பனாற்றில் இறக்கினோம், ஞாயிறு, ஆறேகால் மணிக்கு:
நான், ஜக்கரியா, வேதவல்லி.
சிப்காட் நாற்றம் அன்றைக்குக் கொஞ்சம் கம்மி.

இந்தப் பாடத்தில் மூன்றே கேள்விதான்.
எங்கே இருக்கிறாய்.
எந்த வழியாய்ப் போகப்போகிறாய்.
அதற்குச் சுக்கானை எவ்வளவு திருப்புவாய்.
முதல் இரண்டைக் கேட்காமலே
மூன்றாவதுக்குப் பதில் சொல்பவர்கள்
எங்கள் குடும்பத்தில் நிறைய.

எங்கே இருக்கிறாய் என்பதே பெரும்பாடு.
ஜிபிஎஸ் சொல்கிறது: படகு ஐஸ் பேக்டரிக் கூரைமேல்.
வேகத்தையும் திசையையும் கூட்டிக்கொண்டே வந்த
எங்கள் கணக்கு சொல்கிறது: இன்னும் பாலத்தடியில்.
இரண்டும் பொய்.
எந்தப் பொய் எவ்வளவு பொய் என்று தெரிந்தால்
நடுவில் ஓர் இடம் பார்த்துப் படகை நிறுத்தலாம்.
அதற்கு ஒன்றரைப் பக்கம் மேட்ரிக்ஸ்.
வேதவல்லி மூன்று தரம் போட்டு
மூன்று விடை எடுத்தாள்.

வடக்கே, ஒரு பாகை. இதுதான் கட்டளை.
மூக்கு அப்போது முந்நூற்று ஐம்பத்தொன்பதில்.
இரண்டே பாகை.
கழுத்தைத் திருப்ப வேண்டாம், கண்ணைத் திருப்பினால் போதும்.
படகு கழித்துப் பார்த்தது.
ஒன்றில் முந்நூற்று ஐம்பத்தொன்பது போனால்
மைனஸ் முந்நூற்று ஐம்பத்தெட்டு.
சரி என்று இடப்பக்கம் சாய்ந்து
மேற்கு, தெற்கு, கிழக்கு எல்லாம் பார்த்து
அப்பிரதட்சணமாய் ஒரு முழுச்சுற்று வந்து நின்றது.
ஓர் அலை தட்டியது.
மறுபடி முந்நூற்று ஐம்பத்தொன்பது.
மறுபடி சுற்று.

ஃபைபர் படகில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்,
"பேய் புடிச்சிருக்காம்மா அதுக்கு?
என் வலையில மாட்டுனா திருப்பித் தரமாட்டேன்,
இப்பவே சொல்லிட்டேன்."
ஜக்கரியா சிரித்தான்.

மஞ்சக்குப்பத்தில் என் வீடு.
அக்கா வீடு அடுத்த தெரு.
பத்திரம் பதிந்த நாளிலிருந்து
கொத்தமல்லி வாங்கப் போனாலும்
மைதானம், டவுன்ஹால், பீச் ரோடு என்று
ஸ்கூட்டியில் சுற்றிப் போகிறவள் நான்.
நான்கு வருடப் பெட்ரோல்.

திருத்தம் என்னவோ ஒரே வரி.
வேதவல்லி மணலில் சம்மணமிட்டே தட்டினாள்:
நூற்றெண்பதைத் தாண்டினால் மறுபக்கம் பார்.

அப்புறம் நீவாடு.
மிதவையைப் பார்த்து நேராகத்தான் போனது,
வற்றத் தொடங்கிய ஆறு அதை அப்படியே
பக்கவாட்டில் அக்கரைகோரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.
நேர்கோட்டில் போக வேண்டுமென்றால்
மூக்கு நேராக இருக்கக் கூடாது என்று
வகுப்பில் படம் வரைந்திருக்கிறேன்,
ஸ்கேல் வைத்து.

பழைய பிழைகளைக் கூட்டிவைத்துத்
தள்ளலை ஈடுகட்டும் உறுப்பு ஒன்றைச் சேர்த்தோம்.
பேட்டரி மாற்றக் கையில் பிடித்திருந்த பத்து நிமிடமும்
அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருந்தது போல.
விட்டதும்
எல்லாவற்றையும் ஒரேயடியாய்த் தீர்த்துவிடப் பாய்ந்து
கருங்கல்லில் முட்டி ஒரு விசிறி போயிற்று.
சேர்த்துவைப்பதற்கு உச்சவரம்பு போட்டோம்.
ஜக்கரியா டீயும் வடையும் ஃபெவிக்விக்கும் வாங்கி வந்தான்.

பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தது.
மிதவைக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி,
இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு,
நிற்கவும் தெரியாமல்.
கத்தினோம்.
வலைக்காரர் இந்தத் தரம் நிமிர்ந்து பார்த்தார்.

திரும்பும்போது மைதானத்து முனையில்
இண்டிகேட்டர் வலப்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது, வழக்கம்போல.
அணைத்தேன்.
நிற்கவெல்லாம் இல்லை. இருபதில்தான் போனேன்.
அக்கா வீட்டுக் கேட்டுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள்.
எப்போது அடித்தார்களோ.
என் கணக்கில் அது இன்னும்
சிவப்பாகவே இருந்தது.