ஏழு கதவுக்கு ஒரு சேவல்

சேவல் என்றால் மூன்று வீடு,
ஆடு என்றால் ஏழு,
காளை என்றால் நாற்பது.
மதாக் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் இப்படி ஒரு கணக்கு.
பாதிரியார் நெர்செஸ் விரலை மடக்கிச் சொன்னார்:
"மூன்று போதும், மகளே."
அர்ஷலூய்ஸ் உப்புப் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றாள்.
"என் கதவை விட்டால் எங்கள் வரிசையில்
இன்னும் ஏழு கதவு இருக்கிறதே, சுவாமி."

கியும்ரியில், பூகம்பம் தின்ற தெருவோரம்,
இரண்டு வருடத்துக்கு என்று இறக்கிவைத்த இரும்புப் பெட்டிகள்.
முப்பது சொச்சம் வருடமாக அவைதாம் வீடு.
கடைசிப் பெட்டி என்னுடையது.
பெயர் வகார்ஷக். முன்பு லாரி ஓட்டினேன்.
இப்போது முழங்கால் என்னை ஓட்டுகிறது.

தர்மம் எனக்குப் புதிதல்ல.
போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வேன் வந்தது.
மாவு, எண்ணெய், ஒரு ஜோடி கையுறை.
வாங்குகிறவன் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு
கேமராவைப் பார்க்க வேண்டும்.
"கொஞ்சம் சிரியுங்கள், மாமா" என்றான் பையன்,
நல்ல பையன்தான்.
மாவைப் பனியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.
அன்றிரவு பசித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் சந்தையில் காலுறை விற்கிறவள்.
அந்தச் சேவல் எத்தனை ஜோடிக்குச் சமம் என்று
மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, பாதியில் விட்டேன்.
எதற்கான நேர்ச்சை?
அவள் சொல்லவில்லை. கேட்பது முறையுமில்லை.
மந்திரித்த உப்பை அலகு பிளந்து ஊட்டினாள்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல.
பிறகு கத்தி. பிறகு தண்ணீர், உப்பு, நெருப்பு.
மிளகு சேர்த்தால் விருந்தாகிவிடும்.
மறுநாளைக்கு எடுத்துவைத்தால் வெறும் சமையலாகிவிடும்.
பொழுது சாய்வதற்குள் தீர்ந்தாக வேண்டும்.

தொடை ஒன்று, தொடை இன்னொன்று,
நெஞ்சு மூன்றாம் கதவுக்கு, அங்கே ஒரு சின்னப் பையன்.
இருமிக்கொண்டே இருக்கும் ஹம்பர்த்சுமுக்கு ஈரலும் முதுகும்.
சிறகுகளும் போய்,
என்னிடம் வரும்போது கழுத்துதான் மிச்சம்;
கிண்ணம் தளும்பச் சாறு,
மேலே மடித்துப் போட்ட லவாஷ் ரொட்டி.

இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்ததால்
காலால் கதவைத் தட்டினாள்.
"என் மதாக். வாங்கிக்கொள்ளுங்கள்."
வாங்கினேன். அவள் போகவில்லை.
செருப்பின்மேல் பனி ஏற ஏற
அப்படியே நின்றாள்.

அப்போதுதான் உறைத்தது:
வாங்குகிறவனுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது.
அவன் வாய் திறக்காவிட்டால்
நேர்ச்சை வாசற்படியைத் தாண்டாது.
கொடுக்க வந்தவள்
என்னிடம் ஒன்று கேட்டு நிற்கிறாள்.
அது என்னிடம் இருக்கிறது.
எத்தனையோ காலத்துக்குப் பிறகு
ஒருத்திக்கு வேண்டியது
இந்தத் தகரத்துக்குள் இருக்கிறது.

"ஏற்கப்படுக" என்றேன்.
குரலில் துரு. இருமிவிட்டு மறுபடி சொன்னேன்.
தலையசைத்தாள்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அந்தியில் வாளியோடு வந்தாள்,
எலும்பு நாய்க்குப் போகக் கூடாது.
பழைய லாரியின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்
உறைந்த மண்ணில் ஒரு சாண் பறித்தேன்.
வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
கவட்டெலும்பைக் காணோம்.

மூன்றாம் கதவுப் பையன் ஜன்னலில் காயவைத்திருந்தான்,
கவண் செய்யப் போகிறானாம்.
அம்மா அவன் காதைப் பிடித்தாள்.
அர்ஷலூய்ஸ் கோயில் கோபுரத்தை ஒருமுறை பார்த்தாள்,
கேட்டுக்கொள்வதுபோல.
"இருக்கட்டும்" என்றாள்.

மண்ணை மூடி, காலால் அமுக்கினோம்.

சாற்றில் உப்பு ஒரு கை கூடுதல்.
இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.