புதியது வெல்லும்

மடிக்கணினி அவருடையது.
மேசைக்கணினி என்னுடையது.
இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு கோப்புறை:
குழல்கள்.

இல்க்வார்ஸ் தேவாலய ஆர்கன்களுக்குச் சுதி சேர்ப்பவர்.
குர்செமே பக்கத்துக் கோயில்கள் எல்லாம்
தனித்தனியாக அவர் காதுக்குள் இருக்கின்றன,
அந்தந்தக் குளிரோடு.
முழங்கால் கெடும்வரை நானும் போனேன்.
அவர் மேலே, குழல்களுக்கு நடுவே, ஏணியில்.
நான் கீழே, கட்டையில் விரல் வைத்து.
"அடுத்தது" என்பார்.
அடுத்ததை அழுத்துவேன்.
நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான்.
அதைவிட நன்றாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இப்போது என் விரலுக்குப் பதில்
ஓர் ஈயத்துண்டு.
நான் குல்தீகாவில், ஜன்னலோரம்,
அவருடைய நோட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன்:
குழல் எண், வாயகலம், வெப்பம், அன்றைய சுதி.
அவருடைய ஏழு
ஒன்றைப் போலிருக்கும்.
ஒன்று,
கோபத்தில் எழுதிய ஏழைப் போல.

ஊர் திரும்பும் இரவுகளில்
பனி ஒட்டிய காலணியோடே வந்து
மடிக்கணினியை என் கணினி அருகே வைத்து
கம்பியைச் செருகுவார்.
இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்து பார்க்கும்.
உன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை,
எது எப்போது மாறியது.
பச்சைக் கோடு ஓடி முடியும்.
நாங்கள் பீட்ரூட் சூப் குடிப்போம்.

பிப்ரவரியில் அவர் லாட்கலே போனார், மூன்று வாரம்.
போன மறுநாள் புயலில் மின்கம்பி அறுந்தது,
இரண்டு நாள் இருட்டு.
வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தேன்.
பத்தொன்பது நாளில்
ஏடோலே கோயிலின் நானூற்று முப்பத்தாறு குழல்களும்
கணினிக்குள்.
திரை மூலையில் இருக்கும் தேதியை
யார் பார்க்கிறார்கள்?

வந்தார். செருகினார். பச்சைக் கோடு.
சூப்.

காலையில் திறந்தால்
அறுபத்திரண்டாம் குழலோடு நிற்கிறது பட்டியல்.
அவர் கொண்டுபோன ஜனவரிப் பட்டியல்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்.
உள்ளே, சட்டைப் பொத்தான் அளவு மின்கலம்,
செத்து எத்தனை நாளோ.
கரண்ட் போனதும் என் கணினி
இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் போய்
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
இணையம் இருந்தால் திருத்திக்கொண்டிருக்கும்.
இணையம் வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தவள் நான்.
என் பத்தொன்பது நாளையும்
பழங்கஞ்சி என்று கொட்டிவிட்டது மென்பொருள்.

யார் குற்றம் என்று தேடினோம்.
புயல். பொத்தான்.
பிறகு அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம்:
"புதியது வெல்லும்."
நான்கு வருடத்துக்கு முன்
அதில் டிக் போட்டது
நான்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கடைக்குப் போய் ஒன்றே கால் யூரோவுக்கு
புதுப் பொத்தான் வாங்கி வந்தார்.
நோட்டை மேசை நடுவே விரித்து வைத்தார்.
இந்த முறை இருவரும் ஏற்றினோம்,
அவர் அவருடையதில், நான் என்னுடையதில்,
எண் எண்ணாக.
முதலில் முடிப்பவர் "அடுத்தது" என்றோம்.
பெரும்பாலும் நான்தான் சொன்னேன்.

பதினோராம் நாள் கம்பியைச் செருகினோம்.
சுதி சேராத இரண்டு குழல்களுக்கு நடுவே
ஒரு துடிப்பு கேட்கும்.
நெருங்க நெருங்க அது மெதுவாகும்.
அப்படித்தான் ஓடியது கோடும்.
இருநூறு வரை சலனமில்லை.
இருநூற்றுப் பதினெட்டில் நின்று
ஒரு பெட்டி எழுந்தது:
இரண்டும் இன்று மாறியவை. எதை வைக்க?

என்னிடம் வாயகலம் நாற்பத்தொன்று.
அவரிடம் நாற்பத்தேழு.
நோட்டை விளக்கருகே கொண்டுபோனோம்.
"ஏழு" என்றார்.
"ஒன்று" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்து,
"என் கையெழுத்துதானா இது?" என்றார்.

இரண்டையும் வைத்துக்கொள் என்ற கட்டத்தை அழுத்தினேன்.
சனிக்கிழமை ஏடோலே போய் அளந்துவிடலாம்,
நானும் வருகிறேன் என்றேன்,
முழங்காலைக் கேட்காமல்.

ஈயத்துண்டை வீட்டிலேயே வைத்துவிடு.